குளிர்காலம் உறங்கிய மோட்டார் சைக்கிள்

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பக்கங்களில் வெயிலைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். அதே சித்திரையில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், குபானி மரங்கள் அப்போதுதான் பூக்கத் தொடங்கும். வாய்க்கால் ஓரத்துப் பனிக்கட்டி பகலில் உருகி இரவில் மறுபடியும் இறுகும். வீடுகளின் கீழ்க்கட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். கார்த்திகையில் உள்ளே தள்ளிச் சாக்குப் போட்டு மூடிய மோட்டார் சைக்கிள்கள் வெளியே உருட்டி வரப்படும். அதன்பின் தெருவெங்கும் ஓர் ஓசை கேட்கும். கிக்கரை மிதிக்கும் ஓசை. மிதித்தவர் மூச்சு வாங்கும் ஓசை. மறுபடியும் மிதிக்கும் ஓசை. எஞ்சினின் ஓசை மட்டும் எளிதில் கேட்காது.

அந்தத் தெருவில் நானும் ஒருவனாக நின்று மிதித்தவன். 2013-ஆம் ஆண்டு முதல் 2017-ஆம் ஆண்டு வரை அலுவலின் பொருட்டு லேயில் குடியிருந்தேன். படையிலும் எல்லைப்புறச் சாலைப் பணியிலும் வங்கிகளிலும் மத்தியப் பள்ளிகளிலுமாக இமயத்தின் குளிர் நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவல்ல. அவர்களுள் பலர் பனிக்காலத்தில் நீண்ட விடுப்பில் ஊர் திரும்புவார்கள். வண்டி பூட்டிய அறையில் கிடக்கும். சமவெளியில் வாழும் அன்பர்களும் இது நமக்கு வேண்டாத பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கோடை விடுமுறையில் இரண்டு திங்கள் தஞ்சைக்கோ நெல்லைக்கோ போய்த் திரும்பினால், தில்லியிலோ போபாலிலோ மாடிப்படியின் கீழ் நிற்கும் வண்டியும் அதே பிடிவாதத்தைத்தான் காட்டும். பனி அதற்குச் சில துன்பங்களைக் கூட்டுகிறது, அவ்வளவே.

என்னுடையது 1998-இல் திருவொற்றியூரில் பிறந்த புல்லட். மலை ஏறும் தமிழனுக்கு அந்த வண்டியின்பால் ஒரு தனி உரிமை உணர்வு உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இந்தியப் படைகள் எல்லைப்புறக் காவலுக்கு இந்த வண்டியை நாடியதே அந்த முயற்சிக்கு வித்திட்டது. இங்கிலாந்து நிறுவனம் 1970-இல் மூடப்பட்டது. வண்டியோ வடசென்னையில் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. வங்கக் கடற்காற்று வீசும் இடத்தில் பிறந்த ஒரு பொருளை, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை குளிர் இறங்கும் ஊரில் கட்டி வைத்துவிட்டு, “ஏன் எழ மாட்டேன் என்கிறாய்?” என்று அதன்மேல் கோபங்கொள்வது எவ்வளவு நியாயம் என்பதை அன்பர்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த முதற் குளிர்காலத்தில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. டிசம்பர் மாதத்தில் என் மனைவியும் ஐந்து வயது மகளும் தில்லியிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் குடியிருந்த வீடு அவ்வூர் முறைப்படி கட்டியது. கீழே பழைய காலத்தில் ஆடுமாடு கட்டிய தாழ்ந்த அறை. அதன் மேல் மரத்தளம். மாடியில் சமையலறையும் படுக்கையறையும். உள்ளேயே ஒரு செங்குத்தான மரப்படி இரண்டையும் இணைத்தது. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டியிருந்தோம். கீழறையில் வண்டி நின்றது.

“வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் வண்டி கெடாது” என்று எங்கோ கேட்ட அறிவுரை என் மனத்தில் பதிந்திருந்தது. ஆகவே ஞாயிறுதோறும் முற்பகலில் கீழே இறங்கி, மிதித்து மிதித்து எப்படியோ எழுப்பி, ஓடவிடுவேன். கதவைத் திறந்தால் காற்று கத்திபோல் வீசும். எனவே கதவைச் சாத்திவிட்டு, நானும் மாடிக்கு வந்துவிடுவேன்.

சில வாரங்களில் என் மனைவி, “என்னங்க, இன்றைக்கும் தலை வலிக்கிறது” என்று சொல்லத் தொடங்கினாள். குழந்தையும் சோர்ந்து படுத்துக்கொள்ளும். உயரமான ஊருக்கு வந்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வருவது இயல்பு என்று அனைவரும் சொல்லுவார்கள். நானும் அதையே சொன்னேன். தண்ணீரை நிறையக் குடியுங்கள், பூண்டு ரசம் வையுங்கள் என்று வைத்தியமும் கூறினேன். என் தலையும் வலித்தது. அதை அலுவலகக் கணக்கில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் எஞ்சின் சீராக ஓடவில்லை. சூடேறினால் சரியாகும் என்று இருபது நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தேன். மாடியில் குழந்தை ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு உறங்கிப்போயிற்று. எழுப்பினால் கண் திறக்கவில்லை. என் மனைவி எழுந்து நிற்க முயன்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த வேளையில் வீட்டுக்கார அம்மையார், நாங்கள் ‘ஆமா-லே’ என்று அழைப்பவர், ஏதோ கேட்பதற்காகப் படியேறி வந்தார். அறைக்குள் கால் வைத்தவர் ஒரு கணம் நின்றார். அடுத்த கணம் சன்னலின் பிளாஸ்டிக் தாளைக் கையால் கிழித்தெறிந்தார். குழந்தையைச் சால்வையோடு வாரி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். கீழே ஓடி எஞ்சினை நிறுத்த எனக்கு அதன் பிறகுதான் தோன்றிற்று.

மருத்துவமனையில் மூவருக்கும் பிராணவாயு கொடுத்தார்கள். மாலைக்குள் குழந்தை தோசை கேட்டது. ஆமா-லே என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் இந்தியில் கேட்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை வலிக்கிறது என்று உன் மனைவி என்னிடம் மூன்று வாரமாகச் சொல்லுகிறாளே, அதை நீ எண்ணிப் பார்க்கவில்லையா? நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு விடை சொல்லவும் இல்லை.

எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டே இருக்கும்; உடலுக்கு வேண்டியது மட்டும் சென்று சேராது. லேயில் காற்றின் அழுத்தமே கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் பிராணவாயுவை இந்த வாயு மேலும் பறித்துவிடுகிறது. அதைவிடக் கொடியது, அதன் அறிகுறிகளான தலைவலியும் குமட்டலும் சோர்வும் மலை நோயின் அறிகுறிகளையே ஒத்திருப்பது. அங்கீட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் எழாமற்போன செய்தியை வடநாட்டு நாளிதழ்களில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அதே வாயுவை நான் என் வீட்டுக்குள் என் கையாலேயே வாரந்தோறும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இத்தனை ஆபத்தைத் தேடிக்கொண்டு வண்டிக்காவது நன்மை செய்தேனா என்றால், அதுவும் இல்லை. இதை எனக்கு விளங்கவைத்தவர் வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் ஒருவர். படையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தவர். செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தவர், குழந்தையின் நலத்தை விசாரித்துவிட்டுக் கீழறைக்கு இறங்கினார். சைலன்சரின் வாயில் விரலை விட்டு வெளியே எடுத்துக் காட்டினார். விரல் ஈரமாக இருந்தது.

பெட்ரோல் எரியும்போது நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிவரும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டியும் பல கிலோமீட்டர் ஓடினால் அந்த ஆவி முழுதும் வெளியேறிவிடும். குளிர்ந்த அறையில் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடினால், ஆவி சைலன்சருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் நீராகத் தங்கிவிடும். ஞாயிறுதோறும் நான் வண்டிக்குள் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்பதே அதன் பொருள். எண்ணெய் நிரப்பும் மூடியைத் திறந்து காட்டினார்; உட்புறத்தில் மோரில் மிதக்கும் வெண்ணெய்போல் வெளிர்நிறப் பசை படிந்திருந்தது. “தம்பி, தூங்குகிற பிள்ளையை வாரா வாரம் தட்டி எழுப்பி மறுபடியும் படுக்க வைப்பார்களா? ஏப்ரல் வரையில் இதைத் தொடாதீர்கள்” என்றார்.

ஏப்ரலில் ஒரு விடுமுறை நாளன்று அவரே வந்தார். நான் அதற்கு முன்பே வண்டியை வெளியே உருட்டி நிறுத்தி, சாவியைத் திருப்பி, கிக்கரின்மேல் காலையும் வைத்துவிட்டேன். “காலை எடுங்கள்” என்றார் அவர். அன்று முழுப் பிற்பகலும் மிதிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்தோம். மிதித்தது கடைசியில் மூன்று முறைதான்.

முதலில் ஏர் பில்டரின் மூடியைக் கழற்றச் சொன்னார். எதற்காக என்று கேட்டேன். கழற்றியபோது விடை கிடைத்தது. உள்ளே எலி ஒன்று கம்பளி நூலும் சாக்கு நாரும் வைக்கோலும் சேர்த்து அழகிய கூடு கட்டியிருந்தது. வீட்டுக்காரி குட்டிகளோடு வெளியேறிவிட்டாள் போலும். அந்த நிலையில் மிதித்திருந்தால் பாதிக் கூடு கார்புரேட்டருக்குள் போயிருக்கும். எலி புகுந்த வண்டியில் மின்கம்பிகளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், விரலுக்குத் தெரியும். சைலன்சரின் வாயையும் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு எலிக்கு அஞ்சி அங்கே நானே ஒரு துணியைச் சுருட்டி அடைத்து வைத்தேன். வசந்தத்தில் அதை மறந்துவிட்டு அரை மணி நேரம் மிதித்தேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன்.

அடுத்தது பெட்ரோல். இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, எனவே குறையில்லை என்று எண்ணுகிறார்கள். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும் மெல்லிய பகுதியே குளிர்ந்த எஞ்சினை எழுப்புவது. நான்கைந்து திங்கள் நின்றால் முதலில் பறந்துபோவதும் அதுவே. எஞ்சியது நாளடைவில் கெட்டியாகிப் பிசின்போல் படியும். டேங்கில் நிறைய இருக்கும்போது இந்தக் கேடு மெல்ல நடக்கும். கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில் தேங்கிய சில துளிகளோ விரைவில் கெடும். அங்கிருந்து பெட்ரோலை எடுத்துச் செல்லும் துளை மயிரிழையைப்போல் நுண்ணியது. அதில் பிசின் அடைத்துவிட்டால் எவ்வளவு வலிமையாக மிதித்தாலும் பயனில்லை.

சுபேதார் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் இறக்கினார். வெயிலில் தூக்கிப் பார்த்தோம். புதுப் பெட்ரோலின் தெளிவு இல்லை, பழுப்பேறியிருந்தது, மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷின் வாடை வீசிற்று. அடியில் இரண்டு மூன்று நீர்முத்துகள் பாதரசம்போல் உருண்டன. பெட்ரோலைவிட நீர் கனமானது, அடியில் தங்கும், குழாய் திறந்ததும் முதலில் இறங்குவது அதுவே. பாதி காலியான டேங்கில் பகலும் இரவும் சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது உட்சுவரில் பனி வியர்த்து நீராகும். இன்று நாட்டின் பெரும்பகுதியில் எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்; அளவு மிஞ்சினால், குளிர் கூடும்போது, இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஆகவே புட்டியில் தெளிவான கோடு கிழித்தாற்போல் இரண்டு அடுக்குத் தெரிந்தால் அந்தப் பெட்ரோலின்மேல் இரக்கம் காட்ட வேண்டாம். டேங்கை முழுதும் இறக்கிவிடுங்கள். ஒரே அடுக்காக இருந்து சற்றே பழையதாகத் தோன்றினால் புதுப் பெட்ரோலை நிறையச் சேர்த்து ஓட்டிவிடலாம். கிண்ணத்தில் இருந்ததை மட்டும் எப்படியாயினும் கொட்டிவிட வேண்டும். துளையை ஊதித்தான் துலக்க வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி வேறு நோய் வரும். இறக்கிய பெட்ரோலை வீட்டுக்குள் வைக்கலாகாது. குளிர் நாட்டு வீட்டில் புகாரி எரிந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது எண்ணெய். பழைய ஆங்கில அமைப்பில் கட்டிய எஞ்சின்களில் எண்ணெய்க்குத் தனியறை உண்டு. அங்கிருந்து பம்பு அதை எடுத்து வழங்கும். பல திங்கள் நின்றால் அந்த எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து, சுழலும் தண்டின் அடியறையில் இறங்கித் தேங்கிவிடும். இது பழுதன்று, அக்காலத்து அமைப்பின் இயல்பு. இதை அறியாதவர், எண்ணெய் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றி, பிறகு மிதிப்பார். கால் கனக்கும்; எஞ்சின் எழுந்தாலும் தெருவையே மறைக்கும் நீலப்புகை கிளம்பும். அடித்திருகைக் கழற்றினோம். அரை லிட்டருக்கு மேல் இறங்கிற்று, என் ஞாயிற்றுக்கிழமைகளின் நீரும் கலந்து. எண்ணெய் முழுவதையும் மாற்றினோம். பனிக்காலத்துக்கு முன்பே புது எண்ணெய் ஊற்றி நிறுத்துவதே முறை என்றார் சுபேதார். எரிந்த எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை உலோகத்தோடு ஐந்து திங்கள் உறவாட விடுவானேன்?

குளிரில் எண்ணெய் வெல்லப்பாகுபோல் இறுகிவிடும். காலை எட்டு மணிக்கு அதைத் தள்ளுவதும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தள்ளுவதும் ஒன்றல்ல. எனவே இரண்டு மணி நேரம் வண்டியை வெயிலில் நிறுத்தினோம். லடாக்கின் லாரி ஓட்டிகள் டேங்கின் கீழ்த் தீ மூட்டுவதைப் பார்த்துவிட்டுத் தாமும் அப்படிச் செய்யத் துணிகிறவர்கள் உண்டு. லாரிக்கு ஊற்றுவது டீசல்; கடுங்குளிரில் அதில் மெழுகு உறைந்துவிடும். 2019-இல் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத டீசல் லடாக்குக்கென வந்த பிறகு அந்தத் துன்பமும் குறைந்தது. பெட்ரோல் அந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. பெட்ரோல் வண்டியின் அருகில் தீயைக் கொண்டுவருகிறவருக்கு அறிவுரை கூறவும் நேரம் இராது.

பிளக்கைக் கழற்றினோம். கரி படிந்து கறுத்திருந்தது. சமவெளியில் திருத்திய கார்புரேட்டர், காற்று மெலிந்த மலையில் அளவுக்கு மேல் பெட்ரோல் ஊட்டும். அதன் சாட்சியே அந்தக் கரி. பிளக்கின் துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பிளக்கில்லாமலே பத்துப் பன்னிரண்டு முறை கையாலும் காலாலும் கிக்கரை மெல்லத் தள்ளினோம். உலர்ந்த சிலிண்டர்ச் சுவரில் எண்ணெய் பரவுவதற்கு இது. பிறகு கிளட்ச். நெடுநாள் அழுந்திக் கிடந்த தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதை அறியாமல் எஞ்சினை எழுப்பி கியரில் போட்டால், கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி முன்னால் பாயும். முன்னால் சுவர் இருந்தால் கதை வேறு. எஞ்சின் அணைந்திருக்கும்போதே கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரைத் தள்ளினால் தட்டுகள் ‘சட்’டென்று விடுபடுவது காலுக்குத் தெரியும்.

பேட்டரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முழுதும் மின்னேற்றிய ஈய அமில பேட்டரி லேயின் குளிருக்கும் உறையாது. மின்சாரம் இறங்கிவிட்ட பேட்டரியின் அமிலமோ ஏறக்குறைய நீரேயாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியிலேயே உறைந்து, தகடுகளையும் பெட்டியையும் பிளந்துவிடும். ஆகவே அதைக் கழற்றி மாடியில் வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றுவதே நன்று. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12 வோல்ட்டு என்பது கேட்க நிறைவாக இருந்தாலும் அது பெரும்பாலும் காலியான பேட்டரி.

கடைசியில் சாவியைத் திருப்பினோம். பழைய புல்லட்டின் விளக்குத் தலையில் ஒரு சிறு அம்மீட்டர் உண்டு. கிக்கரை மெல்ல அழுத்தினால், ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியை அணுகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இடக் கைப்பிடியருகே உள்ள சிறு நெம்பைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது நகர்த்தி, நெம்பை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுதாக ஒரே மிதி. உடல் வலிமை இதில் இரண்டாவது. என் மனைவியே பின்னாளில் இதைச் செய்திருக்கிறாள். முதல் மிதியில் இருமல்; இரண்டாவதில் ஒன்றுமில்லை; மூன்றாவதில் எழுந்தது. நான் மகிழ்ச்சியில் ஆக்ஸிலேட்டரைத் திருகப் போனேன். சுபேதார் என் மணிக்கட்டைப் பிடித்தார். எண்ணெய் இன்னும் எஞ்சினின் தலைக்கு ஏறவில்லை. தலைக்குச் செல்லும் மெல்லிய குழாயின் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினார். சிறிது நேரத்தில் எண்ணெய் கசிந்தது. இறுக்கிவிட்டு, “இனி உங்கள் விருப்பம்” என்றார்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு இவற்றுள் பாதி வேண்டாம். 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபின் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து பீச்சும் கருவியே புது வண்டிகளில் பெரும்பாலும் வருகிறது. மலைக்காற்றையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் அத்தகைய வண்டி பேட்டரியையே முழுதும் நம்பியிருக்கிறது. பெட்ரோல் பம்பும் கணிப்பொறியும் மின்சாரம் கேட்கும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் தள்ளி ஓட்டினாலும் எழாது. சாவியைத் திருப்பியதும் பம்பு சில விநாடி முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். எலிக்கும் பழைய பெட்ரோலுக்கும் புதிது பழையது என்ற வேற்றுமை இல்லை.

எஞ்சின் எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்று ஏறி உட்காருகிறோம். எங்கள் வீடு சரிவான தெருவில் இருந்தது. கீழே இறங்கினால் கடைத்தெரு. சுபேதார் வண்டியை அணைக்கச் சொல்லி, சமதளத்தில் தள்ளிக்கொண்டு நடக்கவைத்து, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடிக்கச் சொன்னார். பின்னது பிடித்தது. முன்னது பிடித்தது, விடவில்லை. உள்ளே கட்டை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றித் தேய்த்துத் துடைக்க முக்கால் மணி நேரமாயிற்று. டயரில் காற்று இறங்கியிருந்தது. நடுஸ்டாண்டில் நிறுத்தாததால் ஒரு பக்கம் சற்றே தட்டையாகியும் இருந்தது. செயினுக்கு எண்ணெய் இட்டோம். முதல் பத்துக் கிலோமீட்டர் நான் மட்டும் தனியே ஓட்டித் திரும்பி, ஆணிகளை எல்லாம் இன்னொரு முறை இறுக்கிய பிறகே என் மகளை ஏற்றிக்கொண்டேன்.

2017-இல் மாற்றலாகி வரும்போது வண்டியை ஆமா-லேயின் பேரனுக்கே கொடுத்துவிட்டேன். ஆண்டுதோறும் குபானி பூக்கும் பருவத்தில் அவன் தொலைபேசியில் அழைப்பான். முதலில் “ஜூலே”, பிறகு, “வெளியேதான் நிற்கிறேன், அங்கிள்” என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். இந்த ஆண்டு எலி வரவில்லையாம். அம்மீட்டரின் முள்தான் அசைய மறுக்கிறது என்றான். பாயிண்டை ஒரு தாளால் துடைத்துவிட்டுப் பார் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.